தும்மல் பெஞ்ச்

மூச்சிரைப்பை வென்றாள். பாதி நாள் பள்ளிக்குப் போகாமலே கணக்குப் பாடத்தை வென்றாள். "இந்தப் பொண்ணு படிச்சு முடிக்காது" என்று முகத்துக்கு நேரே சொன்ன டாக்டரை வென்றாள். வாக்குவாதத்தில் என்னை வெல்லாத நாள் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலையில் கிளம்பாத ஸ்கூட்டரை மட்டும் என் தங்கையால் இன்னும் வெல்ல முடியவில்லை. அதை உதைத்துக்கொண்டே, "அண்ணா, உன் வண்டிய எடு" என்பாள்.

பள்ளிக் கட்டடங்களின் சுகாதாரத்தைச் சோதிப்பது அவள் வேலை. சுவரின் ஈரம், காற்றோட்டம், தண்ணீர்த் தொட்டி, உதிரும் பெயின்ட், எல்லாம் பார்க்க வேண்டும். பையில் ஈரம் அளக்கும் கருவியும் டார்ச்சும் இருக்கும். ஆனால் வகுப்புக்குள் போனதும் அவற்றை எடுக்க மாட்டாள். இருப்பதிலேயே சின்ன பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். "நாம நின்னுக்கிட்டுப் பாக்குறோம். புள்ளைங்க உக்காந்துல்ல மூச்சு விடுதுங்க!"

போகிற வீட்டிலெல்லாம் பீரோவை நகர்த்திப் பின்பக்கச் சுவரை மோந்து பார்ப்பாள். "உன் தங்கச்சி வந்தா பூஞ்சைக்கே காய்ச்சல் வருது" என்பாள் என் மனைவி.

படிக்கிற காலத்தில் பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் இருமல் ராணி. மழைத் தண்ணீர் ஊறும் சுவரோரம்தான் அவளுக்கு இடம். எல்லோரும் அவள் நெஞ்சைச் சோதித்தார்கள். சுவரை யாரும் சோதிக்கவில்லை.

பயிற்சிக் காலம் முழுவதும் இவள் சோதிப்பாள், மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். தனியாகப் போன முதல் நாள் அவர் போனில், "முதல் பள்ளிக்கூடத்துலயே பூட்டைத் தூக்கிட்டு வகுப்பை மூடக் கெளம்பாதம்மா. வேலை நிரந்தரமாகட்டும்" என்றார். வழக்கம்போல் ஸ்கூட்டர் மக்கர் செய்ததால் நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். மழை வலுத்ததால் அங்கேயே நின்றுவிட்டேன்.

வகுப்பில் புது பெயின்ட். ரூம் ஸ்ப்ரேயின் பூ வாசனை மூக்கைத் துளைத்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தன. "தெரு சத்தம் மேடம்" என்றார் தலைமையாசிரியை. தங்கை சின்ன பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கேட்டாள்: "இங்க உங்களுக்குப் பிடிக்காத இடம் எது?"

எல்லாக் கைகளும் சுவரோர பீரோவை ஒட்டிக் கிடந்த பெஞ்ச் பக்கம் நீண்டன. "அது தும்மல் பெஞ்ச் மிஸ்! லேட்டா வந்தா அங்கதான்!"

"சும்மா விளையாட்டுக்குத் தும்முதுங்க" என்றார் தலைமையாசிரியை.

"நீங்களும் கொஞ்சம் விளையாடுங்களேன் மேடம்" என்று தங்கை அந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முதலில் தும்மியது தலைமையாசிரியை. பிறகு தங்கை. வகுப்பு கைதட்டிக் கொண்டாடியது. தங்கை எழுந்து பீரோவைத் தள்ள, நானும் தோள் கொடுத்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. விரல் வைத்தால் புது பெயின்ட் பாலாடை போலக் கையோடு வந்தது.

தலைமையாசிரியையின் சிரிப்பு போய்விட்டது. "இத்தனை பிள்ளைங்கள எங்கம்மா உக்கார வைப்பேன்?"

"உங்க ரூம் பெருசா, காத்தோட்டமா இருக்கே."

"அப்ப நான்?"

"வராந்தா. நல்ல காத்து மேடம், உடம்புக்கு நல்லது."

அவர் மறுபடி தும்மினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பையைத் தூக்கிவிட்டார்கள்.

தங்கை கதவைப் பூட்டி, ஈரம் காய்ந்து சுவர் சரியாகும்வரை அறையைத் திறக்கக் கூடாது என்ற தாளை ஒட்டினாள். பேனாவை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். மேலதிகாரி சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், எனக்கும் வந்தது. "அண்ணா, குடையப் பிடி, மை கரைஞ்சிடப் போவுது" என்றாள். பிடித்தேன். கதவையே மேசையாக்கி, சுருக்காமல் முழுப் பெயரையும் எழுதி, கீழே தேதியைப் போட்டாள்: ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.