மரியாதைப் பூதம்

எங்கள் வரிசை வீடுகளில் காளிச்சாமியைப் போல் சாதுவான ஆள் கிடையாது. மேடை ஏறிவிட்டால் அவனைப் போல் அயோக்கியனும் கிடையாது. இரண்டையும் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் இரண்டையும்தான் சொல்வேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க என்னால் ஆகாது.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவன் பெண்சாதி சின்னத்தாயி தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். காளிச்சாமிக்கு இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் மண் சலிக்கிற வேலை. உடம்பு இரண்டு ஆள் உடம்பு, குரல் கோழிக்குஞ்சின் குரல். மேஸ்திரி கூப்பிட்டால் "வாரேனுங்க" என்று ஓடுவான். கூப்பிடாவிட்டாலும் "கூப்புட்டீங்களா?" என்று போய் நிற்பான். பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்துவிட்டால், "காலைக் குறுக்க வெச்சுப்போட்டேனுங்க" என்று இவன் மன்னிப்புக் கேட்பான்.

கேபிள் டிவி ஊருக்குள் வந்த புதிது அது. வெள்ளைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவதைப் பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் பார்த்தார்கள். அதைக் கண்ட காண்ட்ராக்டர் கோவிந்தராஜுலு, மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு காலி இடத்தில் தகரம் அடைத்து, கயிறு கட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மல்யுத்தம் நடத்த ஆரம்பித்தார். நல்லவன் வேஷத்துக்குப் பெருந்துறையிலிருந்து ஜெரோம் என்று ஒரு தம்பி வந்தான். மேடையில் அவன் பேர் வெள்ளை வேங்கை. கெட்டவன் வேஷத்துக்குக் காளிச்சாமி. முகத்தில் கரி, தோளில் ஆட்டுத்தோல், கழுத்தில் சங்கிலி. பேர் கருங்கல் பூதம். இமயமலைக்கு அந்தப் பக்கத்துக் குகையிலிருந்து பிடித்து வந்தது, மனிதர் பேச்சு தெரியாது என்று மைக்கில் அறிவிப்பார்கள். அவனும் பேச மாட்டான், உறுமுவான். அந்த உறுமல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என்னென்ன அக்கிரமம்! ஜெரோமின் முடியைப் பிடித்து இழுப்பான். தோளைக் கடிப்பான். முதுகுக்குப் பின்னால் வந்து நாற்காலியால் அடிப்பான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இடுப்பு முடிச்சிலிருந்து மண்ணை எடுத்துக் கண்ணில் வீசுவான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, "எடுபட்டவனே, உன்ற கை வெளங்குமாடா?" என்று தொண்டை கட்டும் வரை திட்டுவேன்.

"அதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்குவாங்க அக்கா" என்பாள் சின்னத்தாயி.

"பேசி வெச்சு அடிச்சா வலிக்காதா?"

"கண்ணுல போடறது மண்ணு இல்லீங்க. ராகி மாவு. நாந்தான் ரெண்டு தடவை சலிச்சுக் குடுக்கறேன்."

"மாவா இருந்தாலும் கண்ணுல போட்டது போட்டதுதான்."

இதில் நான் சொன்னதுதான் சரி. யாரும் இதுவரை பதில் சொல்லவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஒரு மைக் கெடுத்தது. வெள்ளைக்காரன் அடித்தால் டிவியில் சத்தம் கேட்கிறதே, நம் ஆட்கள் அடிப்பது கேட்கவில்லையே என்று கோவிந்தராஜுலுவுக்குக் குறை. மேடைக்கு நேர் மேலே ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். பூதத்திடம் சொல்ல மறந்துவிட்டார். அன்றைக்கு ஜெரோம் மல்லாந்து கிடக்க, பூதம் காலைத் தூக்கியது. ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் பேசியது:

"ஏனுங்க ஜெரோம், கையைக் கொஞ்சம் அக்கட்டால எடுத்துக்குங்க. மிதிச்சுப்போடப் போறேன்."

"இடுப்பு மேல வேண்டாமுங்க. சுளுக்கு."

"அடடா. ஒத்தடம் குடுத்தீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் தகரமே அதிர்ந்தது. கடைசியில் ஜெரோம் அவனைத் தூக்கிப் போட்டபோது, போன வாரம் வரை காறித் துப்பிய பெண்களே "ஐயோ பாவம், மெதுவா எந்திரிங்க சாமி" என்றார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஊருக்கே அவன் செல்லப்பிள்ளை. டீக்கடை வெங்கடபதி அவனிடம் பன்னுக்குக் காசு வாங்கவில்லை. "தங்கமான பூதமுங்க. இந்த மரியாதை இப்ப மனுசனுக்கே இல்லை" என்றார். அடுத்த ஞாயிறு பூதம் முடியைப் பிடித்து இழுத்தால் கை தட்டினார்கள். கடித்தால் விசில் அடித்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பாதிக் கூட்டம் வரவில்லை. பூதத்தின் மேல் எறிய வாசலில் அழுகல் தக்காளி விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டாள்.

கோவிந்தராஜுலு வீட்டுக்கே வந்தார். "காளிச்சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. பூதத்தைப் பாத்து ஊரே பாவங்குது. இப்படியே போனா நான் தகரத்தைப் பிரிக்க வேண்டியதுதான். வர்ற ஞாயித்துக்கெழமை ஜனம் உங்களைத் திட்டோணும். இல்லீன்னா சேலத்துல ஒரு ஆளு சொல்லி வெச்சிருக்கறேன். காப்பி நல்லா இருந்துச்சுங்க அம்மணி, வாரேன்." அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்துவதையும் இப்படித்தான் எங்கள் பக்கம் சொல்வார்கள்.

அந்த வாரம் முழுக்கக் காளிச்சாமி சரியாகச் சாப்பிடவில்லை. "கூலி போனாப் போகுதுங்க அக்கா" என்றான். "அங்க ஒரு எடத்துலதான் நான் சத்தம் போடறேன். பவுண்டரியிலயும் வராது, ஊட்டுலயும் வராது. அது போச்சுன்னா எனக்கு வேற எங்கயும் வராதுங்க."

சின்னத்தாயி என் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்க வாய்க்கு ஈடு கெடையாது. ஞாயித்துக்கெழமை நாலு வார்த்தை சேத்தித் திட்டுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லிக் குடுத்துத் திட்டறவளா நானு? அவன் தப்புப் பண்ணுனாத் திட்டுவேன். இல்லீன்னா வாயைத் தொறக்க மாட்டேன்."

"தப்புப் பண்றனுங்க அக்கா" என்றான் காளிச்சாமி, தலையைக் குனிந்துகொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூதம் உறுமியது, சிரித்தார்கள். கடித்தது, "நல்லா மென்னு சாப்புடுங்க" என்றார்கள். கூட்டத்தில் என் ஒருத்தி திட்டுதான், அதுவும் விசிலில் அமுங்கிப் போனது. பக்கத்தில் இருந்த வெங்கடபதி என்னிடம், "உடுங்கக்கா, பாவம், மரியாதையான மனுசன்" என்றார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"என்னய்யா மரியாதை? உங்க பங்காளி வரப்பை வெட்டறப்ப எப்படிப் பேசறான்? 'வாங்கண்ணா, காப்பி குடிக்கறீங்களா'ன்னுதானே? மூஞ்சிக்கு நேராத் திட்டறவன் எவனாச்சும் உங்க நெலத்துல ஒரு சாண் தின்னிருக்கறானா? கும்புடு போட்டுக்கிட்டுக் கண்ணுல மண்ணைப் போடறான் பாருங்க, அவந்தான்யா பெரிய அயோக்கியன்!"

விசில் நின்றது. ஆளாளுக்கு யாரையோ நினைத்துக்கொண்டார்கள். மேடையில் காளிச்சாமி பதறிப்போய்க் கயிற்றோரம் வந்து எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். ஸ்பீக்கர் பேசியது: "அக்கா, உக்காருங்க. உங்களுக்குப் பிரஷர் இருக்குது."

அப்படிச் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன், கீழே கிடந்த ஜெரோம் விரல்களின் மேல் ஏறி நின்றான். பேசி வைக்காத மிதி. ஜெரோம் அலறினான். "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்றான் பூதம்.

"மிதிச்சுப்போட்டு மன்னிப்பு வேற கேக்கறான் பாருய்யா!" என்று முதலில் எழுந்தவர் வெங்கடபதிதான். "என்ற பெரிய மச்சான் இதே மாதிரிதான்! இதே மாதிரிதான்!" அவர் கையிலிருந்த டீ கிளாஸ் பறந்து மேடைக்கு இரண்டடி முன்னால் விழுந்தது.

காளிச்சாமி சாதுதான், மக்கு இல்லை. ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக நாற்காலியை எடுத்தான். மைக்குக்கு நேர் கீழே வந்து நின்றான்.

"வெள்ளை வேங்கைங்களே, சிரமம் பாக்காம கொஞ்சம் திரும்பிக்குங்க." ஒரு அடி. "வலிச்சுதுங்களா?" இன்னொரு அடி. "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. தக்காளிக்காரியின் கூடை காலியானது. கூடையையும் யாரோ எறிந்தார்கள். கோவிந்தராஜுலு தகரத்தைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமாக அழுதார். சேலத்து ஆள் வரவே இல்லை. அடுத்த வாரம் சுவரொட்டியில் பேரை மாற்றி, மரியாதைப் பூதம் என்று அடித்தார்கள். பல்லடத்தில் கூப்பிட்டார்கள், அங்கே கோழிப்பண்ணை அதிகம், முட்டையாலேயே அடித்தார்கள். சந்தோஷமாகக் குளித்துவிட்டு வந்தான்.

ஆனால் அந்தக் கூச்சலுக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலையைச் சொல்லவேண்டும். காதில் தக்காளி விதையோடு என் வாசலில் வந்து நின்றான். "ரொம்ப நன்றிங்க அக்கா."

"நன்றி இருக்கட்டும். ஜெரோம் தம்பி கண்ணுல மண்ணைப் போட்டதுக்குப் பதில் சொல்லு."

"அது ராகி மாவுங்க."

"மண்ணு."

"மாவுங்க அக்கா."

"மண்ணுதான். நான் பாத்தேன்."

"ராகி மாவுன்னு எத்தனை வாட்டீங்க சொல்றது!"

வரிசை வீடு முழுக்க வெளியே வந்துவிட்டது. சின்னத்தாயி கரண்டியோடு ஓடி வந்தாள். காளிச்சாமி யார் கத்தியது என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக வேலைக்குக் கிளம்பிப் போனான்.

எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக மண் மாவாகிவிடாது. அடுத்த ஞாயிறு முன்வரிசையில் இரண்டு கிலோ தக்காளியோடு உட்கார்ந்தேன்.