ஊசி போடாத மாடு

நான் முன்கோபி. வாய் முந்திக்கொள்ளும், புத்தி பிறகுதான் வரும். என் அண்ணன் என்னோடு பேசாமல் போனதற்கு இந்த வாய்தான் காரணம்.

செனாய் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உண்ணி கடித்தால் மாட்டுக்குச் சட்டென்று தெரியாது. அதன் எச்சில் கடித்த இடத்தை மரத்துப்போக வைக்கும், இரத்தத்தை உறையவிடாது. அந்த எச்சிலில் இருக்கும் புரதம் ஒன்றைத் தடுப்பூசியாகப் போட்டால், மாட்டின் உடம்பு உண்ணியை எதிர்க்கப் பழகிக்கொள்ளும், உண்ணி வயிறு நிறையாமல் உதிர்ந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதற்காக வருடக்கணக்காக உண்ணியை அறுத்து எச்சில் சுரப்பியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். "நல்ல பொழப்பு லா," என்று அண்ணி கேலி செய்வார்.

அண்ணன் சிம்பாங் ரெங்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறார். தினமும் பால் கறந்து முடித்ததும் எனக்குப் போன் செய்வார். எது உதைத்தது, எது வேலி தாண்டியது, எல்லாம் மாட்டுச் செய்திதான். கேட்டுக்கொண்டே தோசை சுடுவேன்.

முதல் சோதனைக்கு அவர் மாடுகளையே கேட்டேன். பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்லை. சீட்டுக் குலுக்கியதில் அவருடைய செல்ல வெள்ளைப் பசு ஊசி இல்லாத பக்கம் விழுந்தது.

"அதுக்கும் ஒண்ணு போட்டா என்ன பாப்பா?"

"எல்லாத்துக்கும் போட்டுட்டா எதோட ஒப்பிடறது? சும்மா இருங்கண்ணே. உண்ணிக்கு மருந்து அடிச்சிராதீங்க, அவ்ளோதான்."

நடுவில் மாட்டுப் பொங்கல் வந்தது. அது எனக்கு நினைவிலேயே இல்லை, வெட்கக்கேடு. உண்ணிகளை எண்ணப் போன அன்று, ஊசி போடாத மாடுகள்தான் பளபளவென்று நின்றன. ஓர் உண்ணிகூட இல்லை. யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

அண்ணிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பொங்கலன்னிக்கு மாட்ட உண்ணியோட நிறுத்தி எப்படிம்மா மாலை போடறது? ஊசி போட்டதத் தொடக்கூடாதுன்னு விட்டுட்டு, மத்ததுக்கு ரெண்டு நாளா உக்காந்து கையாலயே புடுங்கினாரு. நீ சொன்ன மாதிரி மருந்து அடிக்கல."

ஆய்வகத்திலிருந்து உடன் வந்தவர்கள் முன்னால் அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "மாடு மேய்க்கிறவருக்கு ஆராய்ச்சியப் பத்தி என்ன தெரியும்! என் உழைப்பெல்லாம் மண்ணாப்போச்சி!"

அண்ணன் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சோதனைதான் கெட்டுப்போயிற்றே, இனி அந்த வெள்ளைப் பசுவுக்கு ஊசி போட என்ன தடை? மருந்து ஆய்வகக் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். வீம்பு. அவர் கேட்கவில்லை. அடுப்புப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு எத்தனை காலை காத்திருந்தேன்! ஆயர் ஈத்தாம் பக்கம் வேறொரு பண்ணையில் மறுபடி சோதித்தபோது, ஊசி போட்ட மாடுகளில் உண்ணிகள் சிறுத்துப்போய் உதிர்ந்தன. எல்லாரும் கைகொடுத்தார்கள். எனக்கு அண்ணனிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, வேறு யாரிடமும் இல்லை. எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் துண்டித்துவிட்டேன்.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். "வெள்ள மாடு படுத்துருச்சி. மாட்டு டாக்டரு உண்ணிக் காய்ச்சலுங்கறாரு. நீ வா."

கடவுள் மன்னிக்கட்டும், அந்தக் குரலைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

நெடுஞ்சாலையில் பறந்து போய்ச் சேர்வதற்குள் மாடு போய்விட்டது. அண்ணன் அதன் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் ஊசி அதைக் காப்பாற்றியிருக்குமா? தெரியாது. இத்தனை வருடம் படித்த எனக்கே தெரியாது. ஆனால் போட்டிருக்கலாம்.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

அவர் மாட்டின் காது மடலைத் தூக்கி, இரத்தம் குடித்துக் கொழுத்திருந்த ஓர் உண்ணியைப் பதமாகப் பிடுங்கினார்.

"இந்தா பாப்பா. உனக்கு வேணும்ல?"

குரலில் கோபமே இல்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.