குபேரச் செடிக்குத் தொட்டி மாற்றிய கதை

செடி விற்கிற தொழிலில் தண்ணீரில்லாமல் செத்த செடிகளைவிட, பாசமாகத் தண்ணீர் ஊற்றியே செத்த செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஒன்றிரண்டை அப்படி வழியனுப்பி வைத்தவர்கள்தானே? வெட்கப்பட வேண்டாம், நம் கூட்டம் பெரிசு.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடிந்து, ஒன்று திருப்பூருக்கும் ஒன்று சென்னைக்கும் போன பிறகு, கள்ளக்குறிச்சியில் சின்னசேலம் போகிற ரோட்டில் இருக்கும் இந்த நர்சரிக்கு வேலைக்கு வந்தேன். காலையில் அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்தால் சாயந்திரம் வரைக்கும் மண்ணோடுதான் இருப்பேன். சதைப்பற்றான இலை உள்ள செடிகளுக்குத் தொட்டி மாற்றுகிற வேலை என்னுடையது. ஓனர் தேன்மொழி என்னைவிடச் சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பெயின்ட் பக்கெட்டில் வந்த செடி

மாசி மாதம். டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் பெயின்ட் பக்கெட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினார். கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி, பெயர் கோவிந்தராசு. பக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் தொட்டியோடு ஒரு குபேரச் செடி. குட்டி குட்டியாய், காசு மாதிரித் தடித்த இலை. அவர் மனைவி அஞ்சலை எங்களிடம் விரல் உயரத்தில் வாங்கிப்போனது. அந்தம்மாவுக்கு முந்தின நாள்தான் பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

செடியைத் தூக்கிப் பார்த்தேன். அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்திருந்தது. தலை கனத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வேர் முட்டி முட்டிப் பிளாஸ்டிக் தொட்டியே விரிசல் விட்டிருந்தது. “இதுக்கு எடம் பத்தலண்ணே, மாத்திற வேண்டியதுதான்” என்றேன். அவர் பக்கெட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்: “பாத்து செய்ம்மா. கட்டிக்கினு வந்த நாளா அவ எங்கிட்ட வுட்டுட்டுப் போன மொத வேல இதுதான்.”

வளர்ற புள்ளைக்கு

தொட்டி எடுக்கச் சொன்னால், மாங்கன்றே வைக்கிற அளவுக்கு ஒரு சிமென்ட் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். இந்தச் செடிக்குப் பழைய தொட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும். மண் மிச்சமிருந்தால் ஈரமும் மிச்சமிருக்கும், வேர் அழுகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். “வளர்ற புள்ளைக்கு ஒரு சாண் கூட வச்சித்தானம்மா பாவாட தைக்கறோம்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பில் போட்டுக்கொண்டிருந்த தேன்மொழி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “இது வளர்ற புள்ள இல்லண்ணா, மாமியாரு. பழகுன எடத்துக்கு ஒரு பிடி ஜாஸ்தியா குடுத்தாப் போதும், அதுக்கு மேல குடுத்தா ஒடம்புக்கு ஆவாது.”

யாருக்குத்தான் தண்ணி?

ஓட்டை உள்ள மண்தொட்டி ஒன்றை எடுத்தேன். மலையடிவாரச் செம்மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணல், கொஞ்சம் கரித்துண்டு, ஒரு கை மக்கின எரு. பழைய மண்ணை உதிர்த்து, கறுத்த வேரைக் கிள்ளிவிட்டு, காய்ந்த மண்ணிலேயே வைத்து நட்டேன். “ஒரு வாரம் நிழல்ல வைங்க, தண்ணியே ஊத்தாதீங்க. வேர்ல பட்ட காயம் ஆறணும்” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கரும்போ நெல்லோ, நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணி காட்டித்தான் அவருக்குப் பழக்கம். காட்டாவிட்டால் பயிர் பிழைக்காது. எங்கள் கேட்டில் திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டியிருந்த சோற்றுக் கத்தாழையைக் காட்டினேன். மண்ணும் இல்லை, தண்ணியும் இல்லை, அது பாட்டுக்கு நுனியை மேலே திருப்பிப் பூத்தண்டு விட்டிருந்தது. “அது சாமி காரியம்மா, சாமி பாத்துக்கும்” என்றவர், செடி பக்கம் திரும்பிச் சொன்னார்: “அங்க டாக்டரு அவ வாயில ஒரு சொட்டு ஊத்தாதன்றாரு, இங்க நீ செடிக்கு ஊத்தாதன்ற. அப்ப நான் யாருக்குத்தாம்மா தண்ணி ஊத்தறது?”

சொம்பு

அடுத்த வாரம் திரும்பி வந்தார். துணிப்பைக்குள் செடி. கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அடித்தண்டு கொழகொழவென்று இருந்தது. மூன்றாம் நாள் கை தானாகத் தண்ணிச் சொம்புக்குப் போய்விட்டதாம். அதற்கப்புறம் இலை சுருங்கினதைப் பார்த்து இன்னொரு சொம்பு. “அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து சின்னசேலத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா. திரும்பி வந்து கேட்டா இன்னா சொல்லுவேன்?” என்றார்.

கத்தியைத் துடைத்து, அம்மா தாயே என்று சொல்லிக்கொண்டு, அழுகல் தெரியாமல் தண்டு வெளுப்பாக வருகிற வரைக்கும் அறுத்தேன். மிஞ்சியது ஒரு சாண் கொப்பு. இதை உடனே நடக்கூடாது. வெட்டின வாய் காய்ந்து தோல் மூடணும், அப்புறம்தான் மண். பிழைக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்லி அவருக்கு எதுவும் ஆகப்போவதில்லை.

கொப்பைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். காய்ந்ததும் கொண்டுவந்தார், நட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் கள்ளக்குறிச்சிக்கு வரும்போதெல்லாம் இறங்கி, “இன்னும் ஊத்தலம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். விரதம் இருக்கிறவர்கள்கூட அவ்வளவு சுத்தமாக இருக்க மாட்டார்கள். எனக்கு மனசுக்குள் கும்பிடத் தோன்றும். எப்படி அடக்கிக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “சொம்பப் பரண் மேல தூக்கிப் போட்டுட்டேம்மா. ஆனா காலையில கையி அதத் தேடுது.”

அஞ்சலை வந்தாள்

சித்திரை வெயிலில் புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள். அஞ்சலை மெலிந்திருந்தாள், வயிற்றில் ஒரு கை, இன்னொரு கையில் தொட்டி. கொப்பின் நுனியில் பச்சையாக, மினுமினுவென்று ஒரு ஜோடி புது இலை. மெதுவாக இழுத்துப் பார்த்தேன், மண்ணை விட்டு வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. நான் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டேன். திறந்தபோது கோவிந்தராசு ரோட்டைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆபரேஷன் பண்ணிக்கினது நானு. இத யாரு அறுத்தது?” என்று கேட்டாள் அஞ்சலை. நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவள் செடியைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குத் தண்ணி குடுக்காதன்னு சொன்ன நர்ஸம்மாகிட்ட வரிஞ்சிகட்டிச் சண்டைக்கு நின்ன மனுசன் இது” என்றாள். அப்புறம் அவர் தோளில் இருந்த துண்டை இழுத்துச் சரி பண்ணிவிட்டுச் சொன்னாள்: “வூட்டுக்குப் போனதும் அந்தச் சொம்ப எறக்கு. எனக்குத் தாகம் எடுக்குது.”

இப்போதெல்லாம் யாராவது தொட்டி மாற்ற என்னென்ன வேண்டும் என்று கேட்டால், செம்மண், மணல், கரி, ஓட்டை உள்ள தொட்டி என்று சொல்லி முடித்து, கடைசியாக ஒரு பரணும் வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.