ராணிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு: அக்காவின் வோட்டு

சென்ற மாதம் நடந்த நகரசபைத் தேர்தலில் வோட்டுப் போடுவதற்காக என் அக்காவை ராணிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு அழைத்துப் போய் வந்தேன். வெளியூரில் குடியிருந்துகொண்டு பட்டணத்தில் வோட்டு வைத்திருப்பவர்கள் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை. இந்தப் பயணத்துக்கு மனசார நான் சம்மதிக்கவும் இல்லை.

அக்கா ஹமீதாவுக்குக் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சொந்த வீடு இருக்கிறது. மச்சான் மௌத்தாகி அவள் தனியான பிறகு அதை வாடகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். வீட்டு வரி அவள் பேரில் இருப்பதால் வோட்டும் அவள் பேரில் இருக்கிறது. இந்தத் தடவை அந்த வட்டாரத்தில் இரண்டு பேர் போட்டி. ஒருவர் மரம் அறுத்து விற்கும் மரவாடி முதலாளி. சென்ற முறை ஜெயித்துவிட்டு அந்தச் சந்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், ஆனால் கையில் தடியோடு சுற்ற நாலு ஆட்களை வைத்திருப்பவர். இன்னொருவர் ராகவன் என்ற வக்கீல். அந்தச் சந்து வீடுகளை இடித்து ரோடு போட வந்தபோது காசு வாங்காமல் கோர்ட்டில் வாதாடித் தடுத்தவர்.

"ஒரு யோக்கியமான மனுஷர் நிக்கிறார். அவருக்கு என் கையால ஒரு வோட்டுப் போடணும்" என்று அக்கா பிடித்த பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. மயிலாப்பூர்க் குளத்தருகே நடந்த தேர்தல் கூட்டத்தில் கல்வீச்சு, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது என்று பத்திரிகையில் வந்ததைப் படித்துக் காட்டினேன். "அப்ப சீக்கிரமாவே போயிடலாம்" என்றாள். அவளோடு பேசி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

வாலாஜா ரோடு ஸ்டேஷனில் விடியற்காலைப் பாஸஞ்சரில் ஏறினோம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் தலைக்கு ஒரு ரூபாயும் சில்லறையும். அறுபத்தைந்து மைல் தூரம். அரக்கோணத்தில் வண்டி நிறைய நேரம் நிற்கும். அங்கே பலகாரம் வாங்கிக்கொள்ளலாம், காப்பி மட்டும் வேண்டாம். சென்டிரலில் இறங்கியபோது மணி ஒன்பதரை. மயிலாப்பூருக்கு டிராம் இருக்கிறது, மலிவுதான். ஆனால் அக்கா கோஷா, அந்நிய ஆண்கள் முன்னால் வராதவள். டிராம் கூட்டத்தில் அவளை எப்படி ஏற்றுவது என்று ஜட்கா பேசினேன். அதில் மற்ற நாளில் முக்கால் ரூபாய்க்கு மேல் கேட்கமாட்டார்கள்.

வண்டிக்காரர் ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா நைனா, வோட்டா?"

"ஆமாம்."

"அப்டின்னா ரெண்டு ரூபா ஆவும். மயிலாப்பூர்ல ஒரே அடிதடியா கீது. காலைல ஒருத்தன் வண்டியக் கவுத்துட்டானுங்க."

ஒன்றரை ரூபாய்க்குப் படிந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கத் திரையை இழுத்துக் கட்டினேன். மவுண்ட் ரோடு வழக்கம்போல் இருந்தது. ராயப்பேட்டை தாண்டியதும் கடைகளில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் எதிரே இரண்டு மோட்டார்கள் கொடி கட்டிக்கொண்டு, வோட்டர்களை அடைத்துக்கொண்டு, கூச்சல் போட்டபடி போயின. வாசலில் நின்று பார்த்த பெண்களை வீட்டுக்காரர்கள் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நான் திரையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

லஸ் முனையில் வண்டியை மறித்தார்கள். ஆறேழு பேர், எல்லார் கையிலும் தடி. இருபது கஜத்தில் ஒரு போலீஸ்காரர் மரநிழலில் நின்று எதிர்ப்பக்கத்து மாடிகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

"வண்டில யாரு?" என்றான் ஒருவன்.

ஏகாம்பரம் கண்ணிமைக்காமல் சொன்னார்: "பிரசவ கேஸுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். வழி வுடு."

மறித்தவன் இரண்டடி விலகினான். நான் மூச்சு விட்டேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "பிரசவமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் வோட்டுப் போடப் போறேன்."

அந்த நிமிஷத்தில் அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் வராது. ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருக்கு?" என்றான் அவன்.

"அத உன்கிட்ட சொல்றதுக்கா பட்டணம் வந்தேன்?"

அவன் அவளை ஒன்றும் சொல்லவில்லை. கோஷாப் பெண்ணைத் தொட்டால் கச்சேரி ரோடு முழுக்கத் திரண்டு வரும் என்பது அவனுக்குத் தெரியும். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் குதிரையின் சேணவாரை இரண்டு பக்கமும் அறுத்துப் போட்டுவிட்டு, "இப்பப் போ" என்றான். போலீஸ்காரர் இன்னும் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்திடம் பேசிய கூலிக்கு மேல் வார் செலவுக்கும் கொடுத்தேன். "உங்க அக்கா பொம்பளையா, பட்டாளமா நைனா?" என்று கேட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாங்களும் நடந்தோம். அங்கிருந்து வோட்டுச்சாவடி அரை மைல் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு தடவையும் திரும்பவில்லை.

சாவடி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. கோஷாப் பெண்களுக்காக ஓர் அறையின் குறுக்கே திரை கட்டியிருந்தார்கள். உள்ளே அடையாளம் பார்க்க, சாந்தோமைச் சேர்ந்த மேரி என்ற ஆசிரியையைப் போட்டிருந்தார்கள். திரைக்கு வெளியே தேர்தல் அதிகாரியும் இரண்டு தரப்பு ஏஜெண்டுகளும் இருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றேன். பேசுவது எல்லாம் கேட்டது.

அக்கா பேரைச் சொன்னாள். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். பிறகு நிதானமாக, "அந்தம்மா காலையிலேயே வந்து போட்டுட்டாங்களே" என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது மரவாடி முதலாளிதான். தெருவில் வாரை அறுப்பவன் உள்ளே ஆளையும் அனுப்புவான் என்று பல்லைக் கடித்தேன். உள்ளே மேரி அக்காவின் முகத்தைப் பார்த்து, வரிசையில் நின்ற சந்துக்காரப் பெண்கள் இருவரையும் விசாரித்து, "இவங்கதான் ஹமீதா, சந்தேகமே இல்லை. காலையில் வந்தது வேற ஆள்" என்று உரக்கச் சொன்னார்.

அப்போது வக்கீலின் ஏஜெண்ட் எழுந்து என்னிடம் வந்தான். இளைஞன், நெற்றியில் விபூதி. என் காதோரம் குனிந்து, "கவலைப்படாதேங்கோ, உங்க அக்கா வோட்டு நமக்குத்தான் விழுந்திருக்கு. அவா அவ்வளவு தூரத்துலேர்ந்து எங்கே வரப்போறான்னு நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம். எப்படியும் நம்ம வோட்டுதானே?" என்றான். ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்துவிட்டதுபோல் சிரித்தான்.

நான் அதை அக்காவிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். திரையருகே போய்ச் சொன்னேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "வக்கீலைக் கூப்பிடு" என்றாள்.

கூப்பிடத் தேவையிருக்கவில்லை. சாவடி சாவடியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் கால் மணி நேரத்தில் அங்கே வந்தார். கதர்ச் சட்டை, களைத்த முகம். விஷயத்தைக் கேட்டதும் ஏஜெண்டைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். இதற்குள் மரவாடி ஏஜெண்ட் உற்சாகமாகி, "புகார் எழுதிக் குடுங்கம்மா! நாங்க சாட்சி சொல்றோம்!" என்று கத்த ஆரம்பித்தான்.

"லஸ்ல உங்க ஆளு வாரை அறுத்தானே, அதுக்கும் நீ சாட்சி சொல்லுவியா?" என்றாள் அக்கா. அவன் உட்கார்ந்துவிட்டான்.

வக்கீல் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "அம்மா, நடந்தது தப்புதான். எனக்குத் தெரிஞ்சு நடக்கலை. ஆனா இப்ப நீங்க எழுதிக் குடுத்தா அந்த மனுஷன் என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பான். நான் ஜெயிச்சாலும் செல்லாதுன்னு ஆயிடும். திரும்ப அவனே வந்து உக்காருவான். ஊருக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கப்படாதா?"

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நானும், "அக்கா, விடு, வீட்டுக்குப் போகலாம்" என்று கெஞ்சினேன்.

"ஐயா" என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கியது. மச்சானை அடக்கம் செய்ய ஜனாஸா எடுத்த அன்றைக்குப் பிறகு அந்த நடுக்கத்தை நான் கேட்டதில்லை. "தெருவுல நிக்கிறவன் என்னை வரவிடாம பண்ணப் பார்த்தான். நீங்க நான் வரவே வேண்டாம்னு பண்ணிட்டீங்க. உங்களுக்காகத்தான் நான் நடந்து வந்தேன்."

வக்கீல் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

இப்படி நடந்தால் என்ன செய்யலாம் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பேரில் வேறு யாராவது போட்டுவிட்டிருந்தாலும், நாம்தான் அந்த ஆள் என்று ருசுவானால் வேறு நிறத்தில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைப் பெட்டியில் போடமாட்டார்கள். உறையிலிட்டு ஒட்டி வைப்பார்கள். எண்ணிக்கையில் சேராது, வழக்கு வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். அக்கா அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக் குறி போட்டாள். புகாரையும் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்திட்டாள்.

திரும்பும்போது ஒரு ஜட்காவும் வரவில்லை. அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக டிராமில் ஏறினாள். ஓர் ஓரத்து ஆசனத்தில் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், யாரும் தொந்தரவு செய்யவில்லை. தெற்கேயிருந்து வருபவர்கள் மாம்பலத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, தியாகராய நகர் வழியாக வருவது நல்லது. அந்தப் பக்கம் புது வீடுகள், அகலமான ரோடு, அன்றைக்குக் கலாட்டாவும் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ரயிலில் மெதுவாகக் கேட்டேன். "யாருக்குக் குறி போட்டே?"

"வக்கீலுக்குத்தான்."

"அந்தச் சீட்டை எண்ணமாட்டாங்க. நீ குடுத்த புகார்தான் நிக்கும். அவர் பதவியே போயிடும். இது என்ன கணக்கு?"

"அவங்க ரெண்டு பேர்ல அவர்தான் நல்லவர். அதனால போட்டேன். அவர் ஆளுங்க பண்ணது திருட்டு. அதனால எழுதினேன்." அதற்கு மேல் பேசவில்லை. முகத்திரைக்குள் அழுதாள் என்று நினைக்கிறேன்.

வக்கீல் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார். மரவாடி முதலாளி வழக்குப் போட்டுவிட்டார். அக்காவுக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. முதலாளியின் ஆட்கள் பழத்தட்டோடு வந்து, சாவடியில் நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னார்கள். வக்கீலின் நண்பர்கள் வந்து, லஸ்ஸில் நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். இரண்டையும் சொல்வதாக இரு தரப்பாரிடமும் சொல்லிவிட்டாள். இனி எங்களுக்கு மயிலாப்பூரில் ஆதரவாக ஓர் ஆள் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் கோர்ட்டுக்கு நான்தான் அவளை அழைத்துப் போகப் போகிறேன்.

பட்டணத்தில் வோட்டு உள்ளவர்களுக்கு என் யோசனை இதுதான். முந்தின நாளே போய்த் தங்கி, சாவடி திறக்கும்போதே முதல் ஆளாக நில்லுங்கள். தடியோடு வருபவனுக்குப் பயந்து அல்ல, அவன் தெருவில்தான் நிற்பான், கண்ணுக்குத் தெரியும். நீங்கள் யாருக்கு வோட்டுப் போட வருகிறீர்களோ, அவருடைய ஆட்கள் உள்ளே உட்காருவதற்கு முன்னால் போய்விடுங்கள்.