ஜன்னலோரத்து ஒன்றரைச் சாண்

அந்த எலக்ட்ரீஷியனுக்குத் தொழில்வட்டத்தில் 'கண்மூடி' என்று பெயர். கரண்டோடு புழங்குகிற ஆளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாகக் கேட்பவர்கள் ஒரு அடி பின்னால் நகர்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஒயரைத் தொடும்போது மனிதருக்கு நாலு கண். வேலையைத் தொடங்குவதற்கு முன்னால்தான் மூடுவார்.

பூச்சு வாசனை போகாத காலி வீடு. சமையலறையில் கல்மேடை மட்டும் இருக்கும், அடுப்புகூட வந்திருக்காது. நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு வலது கை மெல்ல எழுந்து இல்லாத அடுப்பைப் பற்றவைக்கும். இடது கை இல்லாத குழாயைத் திறக்கும். இல்லாத பாத்திரத்தை இறக்கிவிட்டு, சூடு தாங்காமல் விரலை வேறு உதறுவார். அந்த வீட்டுக்கு இன்னும் வராத ஒரு காலைநேரம் அவருக்குள் வந்துவிடும். ஜன்னல் வழியே வெயில் விழும். யாரோ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒற்றை ஷூவைக் காணோம் என்று ஒரு குழந்தை அழும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவர் கை எங்கே போய்த் தடவுகிறதோ, அங்கே கண்ணைத் திறந்து சாக்பீஸால் ஒரு கட்டம் போடுவார். அதுதான் பிளக் பாயிண்ட்.

வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒரு முழத்துக்குக் குறைந்த சமையல் மேடைத் துண்டுக்குப் பிளக் பாயிண்ட் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே, தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே என்று எந்தச் சமையலறையிலும் இப்படி ஒரு துண்டு கிடக்கும். மற்ற எலக்ட்ரீஷியன்கள் விதியைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவருக்கு அது பொறுக்காது. "விதியா வந்து உங்க வீட்ல சமைக்கப் போகுது?" என்று ஆரம்பிப்பார். பேசிப் பேசியே சம்மதிக்க வைத்துவிடுவார். பிறகு எப்போதாவது ரிப்பேருக்குப் போனால் முதல் வேலையாக அந்தத் துண்டைத்தான் பார்ப்பார். இரண்டு போன், ஒரு மிக்சி, பிள்ளையின் பொம்மைக் கார், யாரோ கழற்றி வைத்த கைக்கடிகாரம் என்று அதன்மேல் விரல் வைக்க இடம் இருக்காது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சும்மா கிடந்த கல்லுக்கு உயிர் கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்வார்.

இத்தனை பேர் வீட்டில் கண்ணை மூடியவர் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு நாளும் மூடியதில்லை. நேரம் எங்கே? காலையில் மனைவி நீட்டும் டீயை நின்றபடியே குடித்துவிட்டு ஓடுகிற ஆள் அவர். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ஒரே பாயிண்ட்தான். ஒன்றைப் பிடுங்கித்தான் இன்னொன்றைச் சொருக வேண்டும். மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படியிருக்கையில் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் கசிந்தது. டைல்ஸை எல்லாம் பெயர்க்க வேண்டியதாயிற்று. புது டைல்ஸ் ஒட்டுவதற்கு மதியம் மச்சான் வருவதாக ஏற்பாடு. மனைவியின் தம்பிதான், டைல்ஸ் வேலையில் கெட்டிக்காரன். சுவர் மூடிவிட்டால் இனி எத்தனையோ வருஷத்துக்குத் திறக்காது. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் முதல் நாளே தனித்தனியாக பாயிண்ட் வைத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஜன்னலோரத்து ஒன்றரைச் சாண் மட்டும்தான்.

"அங்க வேண்டாங்க" என்று மனைவி சொல்லித்தான் இருந்தாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை? ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றாள். வந்த பிறகு ஒரு வாரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வேண்டாமுக்கு வேண்டும் என்றுதான் அர்த்தம் என்பது அவர் முடிவு. அவள் காய்கறி வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். அந்த இடத்தில் சுவரை வெட்டி, பைப்பைப் பதித்து, பாக்ஸையும் உட்கார வைத்துவிட்டார். வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று சின்னப் பையன்போல வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வந்தாள். பார்த்தாள். பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள். முகம் விழுந்துவிட்டது.

"வேண்டாம்னு சொன்னேனே."

"நீ எதைத்தான் வேணும்னு சொன்னே? இங்க வா. நடுவுல நில்லு. கண்ணை மூடு. தினமும் காலையில என்ன பண்ணுவியோ அப்படியே பண்ணு. உன் கை தானா அங்க போகுதா இல்லையான்னு மட்டும் பாரு."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"எனக்காக ஒரே ஒரு தடவை."

அவள் கண்ணை மூடினாள். பெயர்த்த சுவர்களுக்கு நடுவே, காலில் சிமெண்ட் தூள் ஒட்ட, அவள் காலைநேரம் தொடங்கியது. கை தீப்பெட்டியைத் தொட்டது. தண்ணீர் பிடித்தது. டப்பா மூடிகளைத் திறந்து மூடியது. அவருக்கு நிஜமாகவே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஊரில் உள்ளவர்களின் காலைநேரத்தையெல்லாம் கற்பனையில் பார்த்தவருக்குத் தன் வீட்டுக் காலை புதிதாக இருந்தது. மகளுக்கு டிபன் கட்டினாள். யாருக்கோ "இதோ, இதோ" என்று உதட்டுக்குள்ளேயே பதில் சொன்னாள். ஒரு டம்ளரை எடுத்து வலது பக்கம் நீட்டினாள். அது தனக்கு என்று புரிந்ததும் அவர் அறியாமல் கையை நீட்டி அந்த இல்லாத டீயை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் நடை நிதானமானது. ஜன்னல் பக்கம் போனாள். அந்தச் சின்னக் கல்லின்மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றினாள். கன்னத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

பார்த்தியா, அங்கேதான் போகுது என்று அவர் மனசுக்குள் துள்ளினார். அடுத்து அவள் கை எதையாவது சொருகும் என்று காத்திருந்தார். கை எதையும் சொருகவில்லை. மூடிய கண்ணுக்கு முன்னால் எதிர்வீட்டுப் பின்சுவர். அதற்கு மேலே கொஞ்சம் வானம்.

"அங்க என்ன பண்றே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்." கண்ணைத் திறக்காமலே பேசினாள், திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். "நீங்களும் பாப்பாவும் கிளம்பினதும் கொஞ்ச நேரம் இங்க நிப்பேன். அடுப்பு, துணி, தண்ணின்னு இந்த வீட்ல எங்க திரும்பினாலும் ஏதாவது ஒண்ணு என்னைக் கூப்பிடுது. எங்கிட்ட எதையும் கேக்காத இடம் இது ஒண்ணுதாங்க. நீங்க பாயிண்ட் வச்சா அதுல ஒரு ஒயர் வரும். ஒயர் பின்னாடியே எல்லாரும் வருவீங்க. அப்புறம் நான் எங்க போய் நிப்பேன்?"

தான் உயிர் கொடுத்ததாக நினைத்த அத்தனை கற்களும் வரிசையாக அவர் கண்முன் வந்தன. அவற்றில் எத்தனை கல்லின்மேல் யாருடைய முழங்கை இருந்ததோ? ஒரு வீட்டிலும் அவர் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் போகிறது, இங்கே சொன்ன பிறகும் கேட்கவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மதியம் மச்சான் வந்தபோது அவர் தரையில் குத்துக்காலிட்டுக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். பாக்ஸைப் பெயர்த்து எடுத்தாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தானே வெட்டிய பள்ளத்தைத் தானே கரணையால் மூடி, ஈரத்துணியால் மழமழவென்று தேய்த்தார்.

"என்ன மாமா, ஊரெல்லாம் ஓட்டை போடுற ஆளு நீங்க! சொந்த வீட்ல அடைக்கிறீங்க?"

"உன் வேலையைப் பாரு மச்சான். இந்த இடத்துல மட்டும் நல்ல டைலாப் பாத்து ஒட்டு."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள். அவன் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலை புது டைல்ஸில் வெயில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மகள் போனும் சார்ஜருமாக உள்ளே வந்தாள். சுவரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"என்னப்பா நீங்க, இந்த ஜன்னல்கிட்ட ஒரு பாயிண்ட் வச்சிருக்கலாம்ல? சும்மாதானே கிடக்கு."

அவர் டீ டம்ளரோடு அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டம்ளர் கையைச் சுட்டது. மேடை முழுக்கப் பாத்திரம். காலியாக இருந்தது அந்த ஒன்றரைச் சாண்தான். கை அதை நோக்கிப் பாதிதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. டம்ளரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டார்.

"அது முழத்துக்குக் குறைச்சல்மா" என்றார் ரொம்பக் கறாராக. "விதிப்படி அங்க தேவையில்ல."

விதியைப் பற்றி அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு மரியாதையான பேச்சு வந்து மகள் கேட்டதில்லை. அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். அவரும் கிளம்ப வேண்டிய நேரம்தான். கிளம்பவில்லை.

மனைவி ஜன்னலோரம் போனாள். முழங்கைகளை ஊன்றினாள். கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே, இடது முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு டம்ளர் வைக்கிற அளவுக்குக் கல்லில் இடம் விட்டாள்.