நாலாம் மேசை

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பிஸ்மி எழுதினேன். அதோடு மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுத்து வராது என்பது ஒரு காரணம். தாடி நரைத்த மனிசன் போனில் விளையாடித் திரிந்தான் என்று ஊர் சிரிக்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் விடப் பெரியது, இதற்குள் என் மனைவியின் பிழை ஒன்று இருக்கிறது. மனைவியின் குறையை மூடி வைக்க வேண்டியவன் புருசன். அதை எப்படி எழுத்தில் வைப்பது?

போன வெள்ளிக்கிழமை அவளே சொல்லிவிட்டாள். "எழுதுங்க. ஆனா என்ட பிழைய விட்டுப்போட்டு எழுதப்படாது. நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க."

அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இலங்கையில் எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். இருபது வருடமாக நான் இருக்கிற வீடு அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. எங்கள் மகளுக்கும் அப்படி ஒன்று கட்டிக் கொடுக்க வேண்டும். நான் மேசன். கல்முனையிலும் மாவடிப்பள்ளியிலும் எத்தனையோ பேருடைய பிள்ளைகளுக்கு வீடு கட்டினேன். என் பிள்ளைக்கு அத்திவாரம் மட்டும் வெட்டிக் கிடந்தது. சாமான் விலை ஏறிய காலத்தில் ஒரு நாள் சீமெந்துக் கடைக்குப் போய், விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "நான் போறன். காசு நான் அனுப்புறன். கல்லு நீங்க வைங்க."

அப்படித்தான் அவளுடைய வீட்டில் நான் இருந்தேன், அவள் யாரோ ஒருத்தியின் வீட்டில் இருந்தாள்.

எங்களிடம் ஒரு கரம் போர்ட் இருந்தது. மாரி மழைக்கு மேசன் வேலை நடக்காது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால் உள் அறையில் போர்டை வைத்து இரண்டு பேரும் விளையாடுவோம். தோற்றவர் பால் போடாத தேநீர், பிளேன்டீ ஊற்ற வேண்டும். ஊரில் கரம் என்றால் எனக்கு ஒரு பெயர் உண்டு. மருதமுனையில் இருந்து சைக்கிள் மிதித்து வந்து என்னோடு விளையாடித் தோற்றுப்போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிளேன்டீ ஊற்றினது பெரும்பாலும் நான்தான். அவள் ஸ்ட்ரைக்கரைத் தட்டுகிற மாதிரியே தெரியாது. மெல்ல விடுவாள். காய் ஊர்ந்து போய்க் குழியின் விளிம்பில் நின்று, விழுவோமா விடுவோமா என்று யோசித்துவிட்டு விழும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். அவள் காயைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

குவைத் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் போன் கொடுப்பார்கள். மகள் பாதியைக் கதைப்பாள், நான் மீதியைக் கதைப்பேன். "சாப்பிட்டயா?" "ஓம். நீங்க?" "ஓம்." அவ்வளவுதான் வரும். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய குரல் மாறியிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஒரு டெப், பலகை மாதிரிப் பெரிய போன், வைத்திருக்கிறாளாம். அதில் கரம் விளையாட்டு இருக்கிறதாம். உலகத்தில் எங்கே இருக்கிறவர்களோடும் விளையாடலாமாம். பிள்ளைக்கு வெல்லத் தெரியாது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்ததும், 'எனக்காக வென்று தா' என்று டெப்பை இவளிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையும் தூங்கிவிடுமாம். "பூனப் படம் போட்ட ஆள்தான் நான். நீங்களும் அதுக்குள்ள வாங்க. கதைக்க ஏலாது. ஆனா முன்னால இருக்கலாமே."

அங்கே சாப்பிட்டு முடிகிற நேரம் இங்கே அசர் முடிந்து சிறிது நேரம். எங்களுடைய பழைய நேரம்.

அடுத்த நாளே மகளிடம் போனைக் கேட்டேன். அவள் அந்த விளையாட்டைப் போட்டுத் தந்தாள். நான் போனைக் கொண்டுபோய் எங்கள் கரம் போர்டின் நடுவில் வைத்து, என் பக்கத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்து, நகத்தால் கண்ணாடியில் ஓங்கி ஒரு சுண்டு சுண்டினேன்.

"வாப்போய்! போன ஒடச்சிப் போடுவீங்க! விரல வைச்சு இழுக்கணும். இழுத்து விடணும்."

இழுத்தேன். போன் என் விரலை அறியவில்லை. சீமெந்து தின்ற விரல். அடையாள அட்டைக்கு ரேகை எடுக்கப் போன இடத்திலேயே பதியாத விரல். மகள் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். பிறகு வழுக்கிக்கொண்டு போனது.

முதல் ஆட்டத்தில் எனக்கு எதிரே வந்தவன் ஏதோ ஒரு நாட்டுக் கொடி போட்டவன். நான் பிஸ்மி சொல்லி விரலை வைத்துக் காத்திருந்தேன். அவன் அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். எல்லாக் காயும் போய்விட்டது. எனக்கு முறையே வரவில்லை. கடைசியில் வாயைப் பிளந்து சிரிக்கிற ஒரு படத்தையும் அனுப்பிவிட்டுப் போனான்.

"இவன் எப்பிடி இப்பிடி அடிக்கான்?"

"அவன்ட ஸ்ட்ரைக்கரப் பாருங்க வாப்பா, நெருப்பு மாதிரி மின்னுது. காசி குடுத்து எடுத்தது. அதுக்குக் கோடு குழி வரைக்கும் போகும். நம்மளுக்கு விரல் நீளத்துக்குத்தான் கோடு."

அதாவது காய் எங்கே போகும் என்று காட்டுகிற ஒரு கோடு இருக்கிறது. காசு கொடுத்தவனுக்கு அந்தக் கோடு நீளம், அடி பலம். புதிதாகப் போனவனுக்கு மரத் துண்டு போல ஒரு ஸ்ட்ரைக்கர். மரப் போர்டில் விளையாடுகிறவனுக்குக் கை பழகப் பழக வரும். இங்கே கையை விற்கிறார்கள்.

என் கஷ்டம் அதோடு முடியவில்லை. அதற்குள் படிப்படியாக மேசைகள், கையில் காசு கூடினால் மேல் மேசை; உட்காரும்போது இரண்டு பேரும் தங்கக் காசு வைக்க வேண்டும். அது விளையாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற காசு. வென்றவர் இரண்டையும் எடுப்பார். பூனைப் படம் ஒன்பதாம் மேசையில் இருந்தது. நான் முதலாம் மேசை. அழைப்பு அனுப்பினால் 'இந்த மேசை உங்களுக்குத் திறக்கவில்லை' என்று வரும். பெரிய காசுக்காரர் சின்ன மேசைக்கு இறங்கி வரவும் அந்த விளையாட்டு விடாது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அங்கேதான் இருக்கிறாள் என்று தெரியும். பக்கத்தில் போக முடியாது.

தோற்றுத் தோற்றுக் காசு முடிந்து, மணித்தியாலக் கணக்கில் காத்திருந்தால் ஒரு பெட்டி திறக்கும், அதற்குள் கொஞ்சம் இருக்கும். காத்திருக்கும்போதெல்லாம் 'வாங்குங்கள், இன்றைக்கு மட்டும்' என்று மினுக்கிக்கொண்டு ஒன்று வரும். நாளைக்கும் அதே 'இன்றைக்கு மட்டும்' வரும்.

"ஒருக்கா காசி குடுத்து எடுத்தா முடிஞ்சே வாப்பா. உம்மாட மேசைக்கே போயிருவீங்க," என்றாள் மகள்.

ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல காசைக் கொடுத்து அந்தக் காசை வாங்கி, அதை மேசையில் வைத்து, வென்றால் எனக்கு, தோற்றால் உனக்கு என்றால் அது என்ன? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் மார்க்கம் படித்த ஹசரத்தைத் தனியாகப் பிடித்தேன்.

"ஹசரத், போன்ல கரம் விளையாடுற ஆக்கள்..."

"ஆருக்குக் கேக்கிறீங்க?"

"ஒரு ஆளுக்கு."

"அந்த ஆளுக்கு எத்தின வயசு?"

"நாப்பத்தாறு."

ஹசரத் என் தாடியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கோ வைத்துவிட்டுப் பேசினார். "தொழுக தப்பக்கூடாது. காசி குடுத்து வாங்கி அதப் பந்தயத்தில வைக்கிறதெண்டா எனக்கு மனசு கொள்ளுதில்ல. அந்த ஆள்ட சொல்லுங்க."

அந்த ஆள் கேட்டுக்கொண்டான். காசு கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பெட்டியில் சும்மா கிடைக்கிறதை வைத்தே ஏறுவேன். பச்சைப் புள்ளிக்கு எதிரே ஒரு தரம் உட்காருவேன்.

நாள் அதிகம் இல்லை. குவைத்தில் பள்ளிக்கூட விடுமுறை வரப் போகிறது, வீட்டுக்காரர் வெளிநாடு போகிறார்கள், டெப்பும் பிள்ளையோடு போய்விடும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மகளுடைய வீட்டுக்கு அப்போது சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அசர் வரைக்கும் கல்லு வைப்பேன். தொழுதுவிட்டு வந்து, கையைக் கழுவி எண்ணெய் போட்டுக்கொண்டு உட்காருவேன். "உங்கட வாப்பா எங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "வேலைக்கிப் போயிருக்காரு, வெளிநாட்டுக்கு," என்று மகள் உள்ளே இருந்து நக்கலடிப்பாள். நான் இரண்டாம் மேசைக்கு ஏறினேன். திரும்ப விழுந்தேன். திரும்ப ஏறினேன். மூன்றாம் மேசையில் எல்லாருமே மின்னுகிற ஸ்ட்ரைக்கர்காரர்கள். அவர்களுடைய பலத்துக்கு நான் நிற்க முடியாது. அப்போதுதான் மனைவியின் அடி ஞாபகம் வந்தது. மெல்ல விட்டேன். காய் ஊர்ந்து போனது, யோசித்தது, விழுந்தது. அவளுடைய அடியால்தான் நான் நாலாம் மேசைக்கு வந்தேன். அதற்கு மேல் ஏற முடியவில்லை.

அந்த வாரம் ஒன்றைக் கவனித்தேன். பூனைப் படம் எட்டாம் மேசைக்கு வந்திருந்தது. அடுத்த நாள் ஏழு. பிறகு ஆறு. அவள் தோற்கிற ஆள் இல்லையே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்களுக்கு ஏற ஏலாது. நான் இறங்கி வாறன்."

எனக்குச் சந்தோசம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், அந்த நேரம் சந்தோசம் மட்டும்தான். அவள் வேண்டுமென்று தோற்றுத் தொலைக்கிற காசு யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வென்று தரச் சொல்லி ஒரு பிள்ளை நம்பிக் கொடுத்த அமானிதம் அது.

நாலாம் மேசையில் பூனைப் படம் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த அன்று, மகளைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். விரலுக்கு எண்ணெய் போட்டேன். முதல் அடி அவளுக்கு. ஸ்ட்ரைக்கர் மெல்லப் போய்க் காய்களைத் தொட்டு நின்றது. ஆயிரம் பேருக்குள் அந்த அடி எனக்குத் தெரியும்.

அந்த விளையாட்டில் ஆயத்தமாக வைத்திருக்கிற சின்னப் படங்களைத்தான் அனுப்பலாம். பூப் படம் இருந்தது, இதயப் படம் இருந்தது. அவள் அனுப்பியது கோப்பைப் படம். ஆவி பறக்கிற ஒரு கோப்பை. பிளேன்டீ ஊற்ற ஆயத்தமாகுங்கள் என்கிறாள்.

ஆறேழு காய் விழுந்தது. பிறகு எனக்கு நேராக ஒரு காய் குழி வாசலில் கிடந்தது. போட்டிருக்கலாம். போட்டால் ஆட்டம் முடிவுக்கு நெருங்கிவிடும். நான் வேறு பக்கம் தட்டினேன். அவளுக்கும் ஒன்று அப்படிக் கிடந்தது. அவளும் வேறு பக்கம் தட்டினாள். நான் போர்டின் ஓரச் சுவரில் தட்டினேன். அவள் சுவரில் தட்டினாள். அப்படியே எத்தனை முறை என்று தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்கவில்லை. ஆனாலும் கலியாணம் முடித்த நாளில் இருந்து அவ்வளவு நேரம் ஒருவருக்கொருவர் கவனமாக இருந்ததில்லை என்று தோன்றியது.

திடீரென்று பூனைப் படத்தின் பக்கத்தில் இருந்து ஸ்ட்ரைக்கர் பேயடியாகப் பாய்ந்தது. காய்கள் சிதறின. அது அவளுடைய அடி இல்லை. பிள்ளை எழும்பிவிட்டது. எனக்கு முறை வந்தபோது சும்மா விட்டேன். அடுத்த அடியும் பேயடி. குருட்டாம்போக்கில் கடைசிக் காயும் விழுந்தது. 'தோல்வி' என்று எழுத்து வந்தது. பச்சைப் புள்ளி அணைந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஒரு தரம் மட்டும் என்று கெஞ்சி வாங்கி எடுத்தபோது அழுதாள். பிள்ளை தன் காசைப் பார்த்திருக்கிறது. ஒன்பதாம் மேசைக் காசு நாலாம் மேசைக் காசாக இருந்தால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? வீட்டுக்காரி டெப்பையும் தடுத்து, போனையும் தடுத்துவிட்டாள். "அடிக்கல்ல, ஏசல்ல. 'நம்பித்தானே தந்த' எண்டு மட்டும் கேட்டா. எனக்கு அது போதும்," என்றாள்.

"ஆர்ட காசு எண்டு நானும் கேக்கல்லியே புள்ள," என்றேன். "எனக்கும் பங்கிருக்கு."

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, போனில் காசு போட்டு அந்தத் தங்கக் காசை வாங்கச் சொன்னேன். எவ்வளவு என்று எழுத மாட்டேன். அந்த வாரம் சுவர் எழும்பவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். "வாங்கவே மாட்டன் எண்டீங்க?"

"வெல்லுறதுக்கு வாங்கல்ல மகள். குடுக்கிறதுக்கு."

கூட்டாளிக்குப் பரிசு அனுப்புகிற இடம் ஒன்று அதற்குள் இருக்கிறது. முழுவதையும் பூனைப் படத்துக்கு அனுப்பினேன். அது சரியான வழியா என்று ஹசரத்திடம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் உரிமை என் தலையில் இருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. யார் அனுப்பியது என்று வீட்டுக்காரி கேட்டபோது, என் மனைவி மறைக்காமல் சொன்னாளாம். அடுத்த வெள்ளிக்கிழமையில் இருந்து வீட்டுக்காரி பழையபடி போனைக் கொடுத்தாள். டெப் மட்டும் பிறகு கிடைக்கவில்லை.

மகளுடைய வீட்டுக்கு இப்போது கூரை ஏறிவிட்டது. இன்ஷா அல்லாஹ், வாசலுக்குக் கதவு மாட்டும்போது அவள் வந்துவிடுவாள். அசருக்குப் பிறகு இன்றைக்கும் அந்த விளையாட்டைத் திறந்து பார்க்கிறேன், விளையாடுவதில்லை. சில நாள் பூனைப் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். பிள்ளைதான். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை வாசித்தவர்கள், வெளிநாட்டில் ஆள் இருக்கிற இன்னொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். ஊரில் இப்போதே நான் வென்றதாக ஒரு கதையும், மனைவியின் காசை விளையாடி அழித்ததாக ஒரு கதையும் திரிகின்றன. நான் வெல்லவில்லை. அவளும் வெல்லவில்லை. வென்றது அந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளை அழுததை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டாம், அது என் மனைவியின் விருப்பம். என் பங்குக்கு ஒன்றே ஒன்று. அந்த ஆட்டத்தில் தோற்றவன் நான். பிளேன்டீ நான்தான் ஊற்ற வேண்டும், இன்னும் ஊற்றவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.