ராக்கெட் படம் பார்த்தவர்

அறுபதுகளில் ஒரு சாயங்காலம், புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை போகும் பஸ்ஸில் அந்த அம்மாளைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், கறுத்த முகம். வீட்டுக்குத் தெரியாமல் மேட்னி ஷோவுக்குப் போய், ராக்கெட்டில் வேறு உலகத்துக்குப் போகிற இங்கிலீஷ் கலர்ப் படம் பார்த்துவிட்டு வருவதாக அவரே சொன்னார். பக்கத்து சீட்டுக்காரியிடம் தொடங்கிய கதையைச் சற்று நேரத்தில் பஸ்ஸே கேட்டது. அதிசயமான இடம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சொல்வார்.

“நம்ம பூமி பின்னால பந்து மாதிரி சிறுத்துப் போகுதுங்க. அப்பறம் அங்கிட்டு எறங்கிக் கதவத் தெறக்குறாங்க...”

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“வெளிய என்னம்மா இருந்துச்சு?” என்றார் கண்டக்டர்.

“சொல்லத் தெரியலைங்க. நீங்களே போய்ப் பாருங்க.”

அவருடைய ஊர் வந்தது. கீழே ஒரு பெரியவர் கடுகடுவென்று நின்றிருந்தார். “எங்க மாமனாருங்க, தெரிஞ்சுபோச்சு போல” என்றார்.

“இன்னைக்கி நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறீங்க” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

“திட்டட்டும். பாத்தாச்சுல்ல!” என்று சிரித்தபடியே இறங்கினார்.

பஸ் நகர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் வானத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் திட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் அப்படி என்னதான் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.